எலிகளுக்கான மருந்து

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

இன்றைக்கும் ஒரு பத்திரிகைக்காரர். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து, நித்திரை கலையாத முகத்தோடு ஆய்வுகூட வாசலில் நின்றார். அவரைக் கண்டதும் வல்லிபுரம் சேர் வெள்ளைக் கோட்டைத் தேடத் தொடங்கினார். படம் எடுக்கிற நாட்களில் மட்டும் அவருக்கு அந்தக் கோட்டு வேண்டும். பொத்தான்களை மாறிப் பூட்டியிருந்தார். நான் சொல்லவில்லை. படத்தில் அப்படியே வரட்டும்.

பிறகு அதே பேச்சு. "வல்லாரையில மூளையைக் காக்கிற சத்து இருக்கு. ஆனா சும்மா சாப்பிட்டா அது மூளைக்குப் போய்ச் சேராது, வாசல்லயே மறிச்சுப் போடும். நாங்க அதை இறால் கோதில இருந்து செய்த நனோத் துணிக்கைக்குள்ள வச்சு அனுப்புறம். தபால்காரன் மாதிரி." தபால்காரன் என்றதும் பத்திரிகைக்காரரின் பேனா ஓடியது. இந்தத் தபால்காரனை நான் எத்தனை கூட்டத்தில் கேட்டுவிட்டேன். இன்று ஒரே மணித்தியாலத்துக்குள் இரண்டு தடவை வந்தான்.

கடைசியில் சொன்னார்: "சுண்டெலியில பெரிய வெற்றி."

எங்களிடம் ஒரு சுண்டெலிகூடக் கிடையாது. எல்லாம் வெள்ளெலி, உள்ளங்கையை நிரப்புகிற அளவு. தான் தொடங்கிய ஆராய்ச்சியில் எந்த விலங்கு என்பதுகூடத் தெரியாத தலைவர்.

பனிச்சங்கேணியிலிருந்து சாக்கில் வரும் இறால் கோதைக் கழுவி, நாற்றத்தோடு நாற்றமாக நின்று வெள்ளைத் தூளாக்குபவள் ஸாதியா, ஏறாவூர்ப் பிள்ளை. அந்தத் தூளுக்குள் வல்லாரைச் சத்தை அடைத்துத் துணிக்கையாக்குபவள் நான். சேர் பேசுவார். ஸாதியாவை இன்று பத்திரிகைக்காரருக்கு அறிமுகம் செய்தபோது "இவ அஸீமா" என்றார். ஸாதியாவுக்கு முன்னால் இந்த வேலையைச் செய்த அஸீமா, கல்யாணம் முடித்துக் கட்டாருக்குப் போய் எவ்வளவு காலம். ஸாதியா சிரித்துக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் பற்றி எரிந்தது.

பெப்ரவரி 13, வியாழன்

பத்திரிகை வந்தது. "மறதிக்கு மட்டக்களப்பில் மருந்து." கீழே ஒரு சுண்டெலியின் படம்.

பெப்ரவரி 15, சனி

காலையிலிருந்து போன். வாகரையிலிருந்து மாமி: "புள்ள, எங்கட அவருக்கு ஒரே மறதி. ஒரு போத்தல் எடுத்துத் தாவன்." மாமா மறப்பது மாமி சொல்கிறவற்றை மட்டும்தான். வேறு எல்லாம் நல்ல ஞாபகம்.

இது எலிக்கு மாமி, மனிசருக்கு இல்லை என்றேன். "எலிக்கு என்னத்துக்குப் புள்ள ஞாபகம்?" என்று கேட்டார்.

பத்து வருடம் படித்திருக்கிறேன். இந்தக் கேள்வியை எந்தச் சோதனைத் தாளிலும் காணவில்லை.

பெப்ரவரி 20, வியாழன்

எலிகளின் முடிவுகள் முழுதாக வந்துவிட்டன. மூளை நன்றாக இருக்கிறது. என் வாயால் இதைச் சுலபத்தில் சொல்ல மாட்டேன், ஆனால் உண்மையாகவே நன்றாக இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குள் மறைத்து வைத்த மேடையை, மருந்து பெற்ற எலிகள் சுறுக்காகக் கண்டுபிடித்து ஏறி நிற்கின்றன. மற்றவை சுற்றிச் சுற்றி நீந்துகின்றன.

ஆனால் ஈரல். கூடிய அளவு கொடுத்த எலிகளின் ஈரல் வீங்கிக் கிடக்கிறது. வல்லாரைச் சத்து அந்த அளவில் செய்ததா, துணிக்கை உடையாமல் இருக்க நான் சேர்க்கிற இரசாயனத்தின் மிச்சம் செய்ததா, தெரியாது. தெரியும்வரை ஒரு மனிதருக்கும் இது ஆகாது. இது எந்த முதலாம் வருடப் பிள்ளைக்கும் விளங்கும்.

பின்னேரம் சேர் தன் ஸ்லைட்டுகளைக் காட்டினார். மூளை இருந்தது. ஈரல் இல்லை.

"ஈரல் எங்க சேர்?"

"அது வேற கட்டுரை பிள்ளை."

"ஒரே எலி சேர். மூளை ஒரு கட்டுரைக்கும் ஈரல் இன்னொரு கட்டுரைக்கும் எப்படிப் போகும்?"

"நீ எப்பவும் குறைதான் பார்ப்பாய், யசோ. நேரம் போகுது. அது உனக்கு விளங்காது."

எனக்கு நன்றாக விளங்குகிறது. அடுத்த வருடம் அவருக்கு ஓய்வு. அதற்குள் ஒரு ஆராய்ச்சி நிலையம் வேண்டும், வாசலில் கருங்கல்லில் பெயர் வேண்டும். அதற்கு ஒரு ஈரல் குறுக்கே வரக்கூடாது. இந்த மனிதரிடம் படிக்கத்தான் நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தை விட்டு இங்கே வந்தேன் என்று நினைக்க — போகட்டும்.

மார்ச் 4, செவ்வாய்

வாவிக்கரை ஹோட்டலில் மதியச் சாப்பாடு. எங்கள் வளாகத்தின் பணிப்பாளர், சேர், நான், ஒரு கொழும்பு முதலீட்டாளர். முதலீட்டாளர் வருவதற்கு முன்பே அவருடைய செண்ட் வந்துவிட்டது. கணவாய் பொரியல் வந்தும் அதன் மணம் எனக்குப் பிடிபடவில்லை.

அவருடைய யோசனை: மருந்து என்று சொன்னால் மனிதரில் பரிசோதிக்க வேண்டும், வருடக்கணக்காகும். ஆகவே மருந்து என்று சொல்லாமல் "உணவுத் துணை" என்று சொல்வோம். மூலிகைதானே, வல்லாரைதானே, வீட்டில் சம்பல் போட்டுத் தின்கிறதுதானே. சின்னப் போத்தல், பச்சை மூடி, நனோ என்ற சொல் பெரிதாக. பணிப்பாளர் தலையை ஆட்டிய ஆட்டத்தில் கழுத்துக்கு ஏதும் ஆகிவிடுமோ என்றிருந்தது.

நான் ஈரல் என்று தொடங்கினேன். பணிப்பாளர் எனக்கு இறால் கறியை நகர்த்தினார். "சாப்பிடுங்க மிஸ், ஆறப்போகுது."

சேர் அவர்கள் இருவரையும்விட அவசரப்பட்டார். எப்ப தொடங்கலாம், எப்ப போத்தலில் வரும், இந்த மாதமே ஏலாதா என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டார். முதலீட்டாளருக்கே ஆச்சரியம். அறிமுக விழா இருபத்தேழாம் திகதி.

வெளியே வந்தபோது சேர் தன் கார் நின்ற இடத்துக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் நடந்தார். பணிப்பாளர் திரும்பி ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். வருங்கால நிலையத்தின் தலைவருக்குக் கார் காட்டுவதும் ஒரு உத்தியோகம்தான்.

மார்ச் 6, வியாழன்

கட்டுரையின் வரைவைத் தரவில்லை என்று சேர் ஏசினார். மூன்றாம் முறையாகக் கொடுத்தேன். முதல் இரண்டும் அவர் மேசையில்தான் கிடக்கின்றன, மேலே ஒரு தேத்தண்ணீர்க் கோப்பையோடு.

மார்ச் 14, வெள்ளி

ஜும்மாவுக்கு முன்னால் ஸாதியா கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மிஸ், ஒண்டு செல்லணும். பிரிட்ஜில இருக்கிற தூள் குறையுது."

"எலிக்குக் குடுத்ததா இருக்கும்."

"இல்ல மிஸ். எலிக்கு நிப்பாட்டிட்டம்தானே. சேர்தான் எடுக்கிறார். நான் கண்டன். சேட்டுப் பையில போட்டுட்டுப் போறார். கேக்கப் பயமா இரிக்கி. நாளைக்கு என்னயத்தான் செல்லுவாங்க."

சொல்லத்தான் சொல்வார்கள். இந்தக் கட்டடத்தில் எது காணாமல் போனாலும் முதலில் பார்ப்பது ஸாதியாவின் கைப்பையைத்தான்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. முதலீட்டாளருக்கு மாதிரி போகிறது. எனக்குத் தெரியாமல், நான் செய்த தூள், நான் வேண்டாம் என்று சொன்ன தூள். கொழும்பில் யாரோ ஒரு ஆபீஸில் பச்சை மூடிப் போத்தலுக்குள் கொட்டிப் பார்க்கிறார்கள். எவ்வளவு கேவலம். கள்ளனுக்காவது தான் கள்ளன் என்று தெரியும். இவர் பேராசிரியர்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் முகத்துக்கு நேரே கேட்கப் போகிறேன். திங்கட்கிழமை எழுத்தில் கொடுக்கப் போகிறேன். போதும்.

மார்ச் 16, ஞாயிறு

எப்படி எழுதுவது.

பத்து மணிபோலப் போனேன். புளியந்தீவில் வாவியைப் பார்த்த வீடு. சேரின் மனைவி இலட்சுமிப்பிள்ளை அன்ரி கதவைத் திறந்தார். "வா புள்ள, நல்லதாப் போச்சு. இவருக்குச் சாப்பாடே பிடிக்குதில்ல. சத்துப் பவுடர் மட்டும் குடிக்கிறார்."

சேர் சாப்பாட்டு மேசையில் இருந்தார். முன்னால் ஒரு கிளாஸ் இளநீர். பக்கத்தில் என்னுடைய சின்னப் போத்தல், என்னுடைய கையெழுத்து ஒட்டிய போத்தல். கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தார்.

கோபத்தோடு மேசைக்குக் கிட்டப் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் இரண்டும் மஞ்சள். மஞ்சள் கரைச்சு ஊத்தினமாதிரி.

"சேர், என்னது இது?"

"மருந்து."

"இது எலிக்குச் சேர்."

"எலியில வேலை செஞ்சதுதானே பிள்ளை."

அன்ரியைத் தேத்தண்ணீர் போடச் சொல்லி உள்ளே அனுப்பினார். அன்ரி போகும்வரை வாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"போன வருசம் வாகரையால வாறன். ஓட்டமாவடிப் பாலத்தில கார நிப்பாட்டிட்டன். எந்தப் பக்கம் வீடு எண்டு தெரியல்ல. பின்னால லொறிக்காரன் ஹோன் அடிக்கிறான். எனக்கு அந்தச் சத்தம் என்ன எண்டே விளங்கல்ல. கொழும்பில டொக்டரிட்டத் தனியாப் போய்க் காட்டினன். அல்சைமர் எண்டார். இவளுக்குத் தெரியாது. மகனுக்குத் தெரியாது."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ இதைத் தந்திருப்பியா?"

"மாட்டன்."

"அதான்."

எவ்வளவு நாளாகக் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஞாபகம் இல்லை என்றார். பகிடி இல்லை. அவர் முகத்தில் பகிடி இல்லை.

கிளாஸைப் பிடுங்கினேன். அவர் விடவில்லை. அவருடைய கையிலும் என்னுடைய கையிலும் இளநீர் ஊற்றிக்கொண்டு, இரண்டு பேரும் ஒரு கிளாஸுக்குச் சண்டை பிடித்தோம் — பேராசிரியரும் சிரேஷ்ட விரிவுரையாளரும். அன்ரி வந்து பார்த்து அழத் தொடங்கின பிறகுதான் விட்டார்.

முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரி.

மடையன். படிச்ச மடையன். நாற்பது வருசம் அளவு, அளவு எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டு, கரண்டியால அள்ளிக் குடிச்சிருக்கார். என்ன அளவெண்டு யாருக்குத் தெரியும்? ஒரு எலிக்குக்கூட நான் அப்படிச் செய்ய மாட்டன்.

மார்ச் 17, திங்கள்

டொக்டர் றிஷாட் இளம் ஆள், நித்திரையில்லாத கண். செங்கண்மாரி என்கிற மஞ்சள் காமாலை, கடுமை என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: இறால் கோதிலிருந்து எடுத்த கைட்டோசான், வல்லாரைச் சத்து, துணிக்கையை ஒட்டவைக்கிற இரசாயனம், எலிகளின் ஈரல். அவர் எழுதிக்கொண்டே வந்து பேனாவை நிறுத்தினார்.

"எலியில ஈரல் பழுதானது இவருக்குத் தெரியுமா?"

"அவர்தான் தலைவர்."

டொக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "மாற்று மருந்தெண்டு ஒண்டும் இல்ல மிஸ். நிப்பாட்டிட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறதுதான். ஆனா நீங்க சொல்லாட்டி நாங்க வைரஸ், கல்லு எண்டு தேடிக்கொண்டிருந்திருப்பம்."

எல்லாம் இப்போது திரும்பித் திரும்பி வருகிறது. சுண்டெலி. அஸீமா. கோட்டுப் பொத்தான். வரைவு. ஹோட்டல் வாசலில் எதிர்ப்பக்கம் நடந்தது. ஒரு வருடமாக நான் மனதுக்குள் சிரித்த எல்லாமே நோயின் குறிகள். மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் நான். கண்ணுக்கு முன்னால் ஒரு மூளை உதிர்ந்துகொண்டிருக்க, எனக்கு அது தலைக்கனமாகத் தெரிந்திருக்கிறது.

இருந்தும் கோபம் போகவில்லை. நோய் இருந்தால் ஸ்லைட்டில் ஈரலை ஒளிக்கலாமா? ஒளித்தபோது அவருக்கு நல்ல ஞாபகம் இருந்தது. தனக்குப் போத்தல் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஊருக்கே போத்தலில் அடைக்கப் பார்த்தார்.

மார்ச் 19, புதன்

பணிப்பாளர் கூப்பிட்டார். ஏசி அறை, பிஸ்கட், பழரசம். பிஸ்கட் வந்தாலே ஏதோ பாவம் செய்யச் சொல்லப் போகிறார்கள் என்று அர்த்தம்.

"பாவம் சேர். ஏதோ நாட்டு மருந்து குடிச்சதெண்டு ஆக்கள் கதைக்கினம். அது அப்படியே இருக்கட்டும் மிஸ்."

"டொக்டருக்கு நான் சொல்லிட்டன்."

"டொக்டருக்குச் சொல்லத்தான் வேணும். நான் சொல்லுறது மற்ற ஆக்களுக்கு." பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினார். "விழா நிக்காது. அழைப்பு போயிட்டுது. சேரிட இடத்தில நீங்க பேசுங்க. இனி இந்தத் திட்டத்துக்கு நீங்கதான் தலைவர். கட்டுரையிலயும் உங்கட பேர் முதல்."

என் பெயர் முதலில். நான் பல தடவை வாய்விட்டுக் கேட்டது. கேட்டபோது கிடைக்காதது. ஒரு மனிதரின் கண் மஞ்சளானவுடன் பிஸ்கட்டோடு வருகிறது.

யோசிக்கிறேன் என்றேன். அது பொய்யில்லை. யோசித்தேன். வெளியே வந்து வாகைமர நிழலில் நின்று உண்மையாகவே யோசித்தேன் — தலைவர் என்று எழுதிய கதவு எப்படி இருக்கும், அந்தப் புதிய இயந்திரத்தை வாங்கலாமா, ஸாதியாவுக்கு நிரந்தர நியமனம் கேட்கலாமா என்று. அவ்வளவு சுலபமாக யோசிக்க முடிந்தது.

மார்ச் 22, சனி

செங்கண்மாரி இறங்கவில்லை. அன்ரி ஆஸ்பத்திரிக் கதிரையிலேயே கிடக்கிறார். சேரை மேடையில் தூக்கி வைத்த ஒருவரும் இதுவரை வார்டுப் பக்கம் வரவில்லை. பணிப்பாளர் பழக்கூடை அனுப்பியிருக்கிறார், பெயர் அட்டையோடு.

மார்ச் 25, செவ்வாய்

இன்று சேருக்குக் கொஞ்சம் தெளிவு. எழும்பி இருந்தார். விழாவில் ஈரலைக் காட்டப் போகிறேன் என்று சொன்னேன். மறைத்துச் செய்ய விருப்பமில்லை.

"காட்டாத."

"விக்கப் போறாங்க சேர். மாமி மாதிரி ஆக்கள் வாங்கிக் குடிப்பாங்க."

"அளவக் குறைச்சாச் சரிவரும். கொஞ்சக் காலம் தா."

"எலிக்குத் தாறன் சேர். ஆக்களுக்கு இல்ல."

"நீ என்ட வேலையைக் கொல்லப் போறாய்." போர்வையைத் தள்ளினார். "நான் செத்தாப் பிறகு நல்ல மருந்து வந்து எனக்கென்ன?"

அன்ரி என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் இருந்தது, வெறுப்பும் இருந்தது. எழும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 27, வியாழன்

விழா முடிந்தது. எல்லாமே முடிந்தது என்றும் சொல்லலாம்.

மண்டபம் நிறைய ஆட்கள். வாசலில் நிறைகுடம், மேடையில் வாழைக்குலை, மேசையில் பச்சை மூடிப் போத்தல்கள் வரிசையாக. உள்ளே வெறும் தண்ணீர், கண்காட்சிக்கு. முதலீட்டாளர் இன்றைக்கு வேறு செண்ட். அரசியல்வாதி ஒருவர் வல்லாரைக்கும் வாக்குக்கும் தொடர்பு கண்டுபிடித்துப் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். இங்கே எதற்கும் கைதட்டுவார்கள்.

என் முறை வந்தது. மூளைப் படத்தைப் போட்டேன். கைதட்டல். ஈரல் படத்தைப் போட்டேன். என்ன படமென்று விளங்காமல் அதற்கும் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

"இது ஈரல்," என்றேன். "இந்தத் துணிக்கை மூளைக்குப் போகுது, உண்மை. ஈரலுக்கும் போகுது. ஈரலைப் பழுதாக்குது. ஏனெண்டு எங்களுக்கு இன்னும் தெரியாது. தெரியும்வரைக்கும் இது எலிகளுக்கான மருந்து மட்டும்தான். இந்தப் போத்தலை ஒருத்தரும் வாங்கக் கூடாது."

புரொஜெக்டர் நின்றது. கரண்ட் போகவில்லை, மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. பணிப்பாளரின் ஆள் வயரைக் கழற்றிவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரிச் சுவரைப் பார்த்து நின்றான். ஒலிவாங்கி மட்டும் வேலை செய்தது. அதைக் கழற்ற மறந்துவிட்டார்கள். இருட்டுத் திரையைக் காட்டி மிச்சத்தைச் சொன்னேன். சேரின் பெயரைச் சொல்லவில்லை. அது ஊருக்குச் சொல்வதற்கு என்னுடையது இல்லை.

முன்வரிசையில் ஒரு வயோதிபர் எழும்பினார். பக்கத்தில் அவருடைய மனைவி, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார், சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக.

"மகள், கொஞ்சமாக் குடுத்தா?"

"வேணாம் ஐயா."

"கொஞ்சம்தான் கேக்கிறன்."

"வேணாம் ஐயா. கொஞ்சமும் வேணாம்."

அவர் அமர்ந்தார். மனைவியின் கையைப் பிடித்துச் சேலைத் தலைப்பை விடுவித்தார். முழு மண்டபத்தையும் நான் இகழலாம், இகழ்கிறேன். அவரை மட்டும் முடியவில்லை.

ஏப்பிரல் 9, புதன்

கணக்கு முடிந்துவிட்டது. திட்டம் நிறுத்தம். எனக்கு முதலாம் வருடச் செய்முறை வகுப்புகள், அதுவும் எல்லாக் கூட்டத்துக்கும். ஆய்வுகூடத்து ஏசியைக் கழற்றிப் பணிப்பாளர் அறையில் இரண்டாவதாகப் பூட்டியிருக்கிறார்கள். குளிரில் அவருக்கு மூளை வளரட்டும். முதலீட்டாளர் வேறு ஊரில் யாரோ ஒருவரின் மஞ்சள் ஆராய்ச்சியைப் பிடித்திருக்கிறாராம்.

சேர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஈரல் மெல்ல மெல்லத் தேறுகிறது. டொக்டர் றிஷாட் அதிசயப்படுகிறார். மற்றது தேறாது. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் அவரை இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோய்விட்டன.

விழாவில் நான் செய்ததை அன்ரி அவருக்குச் சொல்லியிருக்கிறார். முதல் தடவை போனபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டாம் தடவையும் அப்படித்தான். இன்று போனேன், "வா பிள்ளை, எங்க கனநாளாக் காணல்ல" என்றார்.

கோபத்தை மறந்துவிட்டார். எனக்கு அது வெற்றியாகத் தெரியவில்லை. மறுபடி ஒருக்கா ஏசியிருக்கலாம்.

மெல்பேர்னிலிருந்து சேரின் மகன் எனக்குப் போன் எடுத்தார். "அந்தத் துணிக்கையைப் பாதுகாப்பாச் செய்து அனுப்பேலாதா? செலவை நான் பாக்கிறன்." கொரியர் சேவை என்று நினைக்கிறார். ஏலாது என்றேன். பிறகு அவர் அழுதது கேட்டது. போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

யூன் 24, செவ்வாய்

ஏசி இல்லாமலும் வேலை நடக்கும். அதிகாலையில் வந்தால் போதும். வகுப்புகளுக்கு முன்னால் நானும் ஸாதியாவும் மறுபடி தொடங்கிவிட்டோம். கேட்க ஆளில்லாததில் இது ஒரு வசதி. ஒட்டவைக்கிற அந்த இரசாயனத்தை முழுதாக விட்டுவிட்டோம். வயிற்றுவழியை விட்டு மூக்குவழியாகக் கொடுக்கப் பார்க்கிறோம். மூக்கிலிருந்து மூளை கிட்ட, ஈரல் தூரம். ஒரு எலியின் மூக்கில் ஒரு துளி விடுவதற்கு ஸாதியா படும் பாட்டைப் பார்த்தால் பத்திரிகைக்காரர் ஓடிவிடுவார்.

பேராதனையில் பழைய நண்பி தன் ஆய்வுகூடத்தில் ஈரல் பரிசோதனைகளைச் செய்து தருகிறேன் என்றிருக்கிறாள். அங்கே இடமும் இருக்கிறது, வந்துவிடு என்கிறாள். இந்தப் பிஸ்கட்காரர்களை விட்டுப் போக எனக்கும் ஆசைதான். விண்ணப்பத்தை நிரப்பினேன். இன்னும் அனுப்பவில்லை.

ஓகஸ்ட் 30, சனி

முதல் கூட்ட எலிகளின் ஈரல் சுத்தம். மூளையில் பலன் முன்னையதைவிடக் குறைவு, ஆனால் இருக்கிறது. ஸாதியா ஏறாவூரிலிருந்து தொதல் கொண்டுவந்தாள். இருவரும் மூலையில் நின்று தின்றோம். வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது மூடியின் நிறத்தைத் தீர்மானிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

சேரைப் பார்க்கப் போனேன். மெலிந்துவிட்டார். சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, அன்ரி அவரை வாவியைப் பார்த்து இருத்தியிருந்தார். இன்று என்னை ஆரென்று தெரியவில்லை. மரியாதையாக எழும்ப முயன்று கதிரையைக் காட்டினார்.

"இருங்க. நீங்க என்ன படிச்சிருக்கிறீங்க?"

அன்ரி சங்கடப்பட்டு ஏதோ சொல்ல வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"இரசாயனம் சேர்."

"இப்ப என்ன செய்யிறீங்க?"

சொன்னேன். வல்லாரை, இறால் கோது, மூக்குவழி. முதலில் செய்தது பிழைத்ததையும் சொன்னேன். ஈரலையும் ஒளிக்கவில்லை. அவர் தலையைச் சரித்து, கண்ணை மூடிக் கேட்டார். மாணவியாக முதன்முதல் அவருக்கு முன்னால் நின்று பேசினபோது கேட்ட மாதிரியே, குறுக்கே ஒரு சொல்லும் பேசாமல். முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டார்: மூக்கில் விட்டதில் எவ்வளவு தொண்டைக்குள் வழிந்து வயிற்றுக்குப் போகிறது என்று பார்த்தீர்களா?

பார்க்கவில்லை. எனக்குத் தோன்றவேயில்லை.

"இல்ல சேர்."

"பாக்க வேணும்."

"ஓம் சேர்."

கொஞ்ச நேரம் வாவியில் ஒரு தோணி போவதைப் பார்த்தார். பிறகு அன்ரியின் பக்கம் திரும்பி, நான் அங்கே இல்லாத மாதிரிச் சொன்னார்: "நல்ல பிள்ளை. கொஞ்சம் வாய் கூட. ஆனா எடுக்கலாம்."

என்னிடம்: "எங்கட லாப்பில ஒரு இடம் இருக்கு. சம்பளம் பெரிசில்ல. கரைச்சல் பிடிச்ச ஆக்கள். வருவீங்களா?"

"எப்ப சேர்?"

"நாளைக்கு. எட்டு மணிக்கு. பிந்தப்படாது."

"வாறன் சேர்," என்றேன்.